ஒட்டிப் பிழைப்பது பாவமா?

1860 மே மாதம் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் சார்லஸ் டார்வின் ஒரு குளவி இனத்தைச் சாட்சிக்கு இழுத்தார். உயிருள்ள கம்பளிப்புழுவுக்குள் முட்டையிட்டு, பொரித்த குஞ்சுகள் அதை உள்ளிருந்தே தின்னும்படி விட்டுவிடும் குளவி அது. கருணையும் பேராற்றலும் உடைய கடவுள் இப்படியொன்றை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்பதை அவர் மனம் ஏற்கவில்லை. அந்த உதாரணத்தைக் கேட்டதும் நமக்கு ஏற்படும் அருவருப்பில் இரண்டு குற்றச்சாட்டுகள் பின்னிக் கிடக்கின்றன. புழு வதைபடுகிறது என்பது ஒன்று. குளவி இன்னொன்றின் உடலை அண்டிப் பிழைக்கிறது என்பது மற்றொன்று. முதலாவது கடுமையான கேள்வி. இரண்டாவது தன் காலில் நிற்குமா என்று அறிய, வலிக்கு இடமே இல்லாத ஓர் உதாரணம் வேண்டும். நரம்போ மூளையோ இல்லாத பாக்டீரியாவின் மேல் ஒட்டி வாழும் இன்னொரு பாக்டீரியா அதற்குப் பொருத்தமானது.

சாக்கரிபாக்டீரியா என்று இன்று அழைக்கப்படும் வகை, 1996இல் ஜெர்மனியின் சதுப்பு மண்ணில் வெறும் மரபணுத் தடயமாகத் தெரியவந்தது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆய்வகத்தில் நிலையாக வளர்த்துப் பார்க்க முடியாமல் அது நழுவிக்கொண்டே இருந்தது. 2015இல்தான் அமெரிக்க ஆய்வாளர்கள் மனித வாயிலிருந்து அதில் ஒன்றைப் பிரித்து வளர்த்த செய்தி வெளியானது. டிஎம்7எக்ஸ் என்று அதற்குப் பெயர். அது தனியே வளரும் உயிர் அல்ல. வாயிலுள்ள ஆக்டினோமைசிஸ் என்ற பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டுதான் பெருகும். அதன் மரபணுத் தொகுப்பு ஏழு லட்சம் எழுத்துகளே. நம் குடலில் வாழும் ஈ. கோலைக்கு 46 லட்சம். ஓர் அமினோ அமிலத்தைக்கூட அதனால் சொந்தமாகத் தயாரிக்க முடியாது. எல்லாம் இரவல்தான். பழக்கமில்லாத புதிய ஆக்டினோமைசிஸ் கூட்டத்தில் அதை விட்டபோது பெரும்பாலானவை அழிந்தன. தப்பிய சில, அதைத் தாங்கும் இயல்போடு பெருகின. அதன்பின் இரண்டும் சேர்ந்தே நிலைபெற்றன என்பதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. ஈறு நோய் உள்ள வாய்களில் இந்த வகை மிகுந்து காணப்பட்டதால், நோய்க்கே இதுதான் காரணமோ என்ற சந்தேகமும் இருந்தது. 2021இல் வெளிவந்த எலி ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது: ஈறு வீக்கத்தையும் எலும்புத் தேய்வையும் உண்டாக்கியது அது ஒட்டி வாழும் ஆதார பாக்டீரியா, அதன் மேல் ஒட்டுண்ணி இருந்தபோது பாதிப்பு குறைந்தது. ஆக, அதே வகை உயிர் புதிய ஆதாரத்துக்கு எமன், பழகிய ஆதாரத்துக்குச் சகவாசி, எலியின் ஈறுக்குக் காவல். தீமை அதன் இயல்பிலேயே இருக்கிறது என்று சொல்ல இனி எதைக் காட்டுவது? யாரோடு, எந்தக் கட்டத்தில் என்பதைச் சொல்லாமல் அதன்மேல் எந்தத் தீர்ப்பும் எழுத முடியாது.

இதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா, கடைசியில் எல்லாம் இறைவனின் ஒழுங்குக்குள் வந்துவிடுகிறது என்று சொல்லக் கிளம்புபவர்கள் உண்டு. அது பிழைத்தவர்களை மட்டும் வைத்து எழுதும் கணக்கு. இணக்கம் வந்தது பெருவாரியான சாவுக்குப் பிறகு. செத்தவற்றுக்கு அந்த இணக்கத்தால் லாபமில்லை. ஆகவே இந்த ஆய்வுகளில் கடவுளின் கருணைக்கு நிரூபணம் கிடைக்காது. டார்வின் எழுப்பிய வதையின் கேள்வி அப்படியே இருக்கிறது. விழுவது மற்ற குற்றச்சாட்டு மட்டுமே. அண்டி வாழ்வதே இழிவு என்ற எண்ணம், தன்னிறைவுதான் உயிரின் உயர்நிலை என்ற முன்முடிவிலிருந்து பிறப்பது. சைவ சித்தாந்தம் அந்த முன்முடிவை ஏற்பதில்லை. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்றே அது கொள்கிறது: பாசம் என்னும் கட்டைச் சார்ந்தால் பாசத்தின் தன்மை, பதி என்னும் இறைவனைச் சார்ந்தால் பதியின் தன்மை. (நம் முன்னோர் அன்றே நுண்ணுயிரியல் கண்டார்கள் என்று யாரும் புறப்பட வேண்டாம், சித்தாந்த ஆசான் மெய்கண்டார் பேசியது ஆன்மாவைப் பற்றி.) சார்பைக் குற்றமாக எண்ணாமல், அதிலிருந்து என்ன விளைகிறது என்று கேட்கும் முறையே இங்கு நமக்குப் பயன்படுவது.

அப்படியானால் பிறர் உழைப்பை உறிஞ்சிக் கொழுப்பவனும் குற்றமற்றவனா என்று கேட்கலாம். இல்லை. டிஎம்7எக்ஸுக்கு வேறு விதமாக வாழ மரபணுவே கிடையாது. செய்ய முடியாததைச் செய்யவில்லை என்று யாரையும் தண்டிக்க இயலாது. மனிதனுக்கு மாற்று வழி உண்டு. எதிரில் இருப்பவனின் வலியும் தெரியும். அவன் மேல் சுமத்த வேண்டிய குற்றம், தெரிந்தே வருத்தியது. சார்ந்து வாழ்ந்தது குற்றமென்றால் குழந்தையும் நோயாளியும் துறவியும் கூண்டில் ஏற வேண்டியிருக்கும். ஓர் அரசு ஏற்றியும் பார்த்தது. சமூகத்துக்குப் பயனுள்ள வேலை செய்யாதவர்களை ஒட்டுண்ணிகள் என்று தண்டிக்க 1961இல் சோவியத் ருஷ்யாவில் ஆணை வந்தது. அதன்கீழ் 1964இல் லெனின்கிராடில் கவிஞர் ஜோசப் பிராட்ஸ்கிக்கு ஐந்தாண்டு உள்நாட்டு வெளியேற்றமும் கட்டாய உழைப்பும் விதிக்கப்பட்டன. கவிதை எழுதுவதை நீதிமன்றம் வேலையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.