சுமக்க வேண்டியவர் யார்?

திருவரங்கத்தில் காவிரிக் கரையில் நின்று, பெருமானை நினைந்து மெய்ம்மறந்து பாடிக்கொண்டிருந்தார் ஒரு பாணர். திருமஞ்சனக் குடத்துடன் அவ்வழியே வந்த லோகசாரங்க முனிவர், விலகிப் போகுமாறு குரல் கொடுத்தார். பாணரின் செவியில் அது விழவில்லை. முனிவர் எறிந்த கல் நெற்றியில் பட்டுக் குருதி வழிந்தது. அந்தப் பாணரைத் தோளில் சுமந்து தன் சந்நிதிக்குக் கொண்டுவருமாறு அரங்கன் முனிவருக்கு ஆணையிட்டான். திருப்பாணாழ்வாரின் வரலாறு பக்தர்கள் யாவரும் அறிந்ததே. ஆயினும் அதில் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பாணர் தம்மைத் தூய்மை செய்துகொள்ள வேண்டும் என்று இறைவன் கூறவில்லை. கல் எறிந்தவரே சுமக்க வேண்டும் என்பதே அங்கு வழங்கப்பட்ட தீர்ப்பு.

கற்றறிந்த அந்தணரிடத்தும், நாயை உண்டு வாழ்பவரிடத்தும் ஞானியர் ஒன்றையே காண்கின்றனர் என்று கீதையின் ஐந்தாம் அத்தியாயம் உரைக்கிறது. பார்வை மாற வேண்டியது காண்பவரிடம், காணப்படுபவரிடம் அன்று. சமநிலை என்பது மேலோர் கீழோருக்கு அளிக்கும் கொடை என்று எண்ணும்வரை, அந்தச் சுலோகத்தை ஓதியும் பயனில்லை.

சுவாமி விவேகானந்தர் அமெரிக்காவில் வாழ்ந்த நாட்களில் இவ்வுண்மையைத் தம் வாழ்வால் விளக்கினார். கறுப்பினத்தவர் என்று கருதிச் சில விடுதிகளில் அவருக்கு இடம் மறுத்தனர். தாம் இந்தியர் என்று ஒரு சொல் கூறியிருந்தால் கதவு திறந்திருக்கும். அவர் கூறவில்லை. பின்னர் அன்பர்கள் காரணம் வினவியபோது, பிறரைத் தாழ்த்தித் தாம் உயர்வதற்காகப் பிறக்கவில்லை என்னும் கருத்தில் விடையளித்தார். அவமதிப்பைத் தாமும் ஏற்பது ஒருவகைச் சுமத்தலே.

அதே அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின் முடிவில் அடிமைமுறை ஒழிந்தது. அப்போரில் வடபுலத்து அரசின் பக்கம் பணியாற்றிய கர்னல் ஆல்காட் பின்னாளில் சென்னை அடையாற்றில் தங்கினார். 1894-இல் தாழ்த்தப்பட்டோரின் குழந்தைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கினார். 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் அவருடன் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னையில் பௌத்த சங்கம் நிறுவினார். 1907-இல் அவர் தொடங்கிய இதழ், ஓராண்டுக்குப்பின் ‘தமிழன்’ என்னும் பெயர் பெற்றது.

அவ்விதழை ஆவலுடன் ஏற்றவர்களுள் கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் முன்னின்றனர். ஆண்டர்சன்பேட்டை, மாரிகுப்பம், சாம்பியன் ரீப் என்று அடுத்தடுத்து அமைந்த அப்பகுதிகளில் வாழ்ந்தோரில் மிகப் பலர், வட ஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஒடுக்கப்பட்ட மக்கள். 1880 முதல் ஆங்கிலேய நிறுவனம் நடத்திய சுரங்கங்களில் நிறத்திற்கேற்பக் குடியிருப்பும் ஊதியமும் வேறுபட்டன. மேலே ஐரோப்பியரின் மாளிகைகள். அடுத்து ஆங்கிலோ இந்தியரின் இல்லங்கள். கடைசியில் தொழிலாளரின் தட்டிக் குடிசைகள். ஊரில் சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள், இங்கே நிறத்தாலும் ஒதுக்கப்பட்டனர். சாம்பியன் ரீப் சுரங்கம் நாளடைவில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. பாறை வெடித்துச் சரியும் அச்சம் எந்நாளும் இருந்தது. அந்த இருளில் பக்கத்திலிருப்பவனின் சாதியை எவன் கேட்பான்? மேலே வந்தபின் கேட்டார்கள் என்பதே துயரம்.

அம்மக்கள் யாரேனும் தூக்கி விடுவார்கள் என்று காத்திருக்கவில்லை. சங்கம் அமைத்தனர், சித்தார்த்தா புத்தகசாலை வழியே பண்டிதரின் நூல்களை அச்சிட்டனர். 1914-இல் பண்டிதர் மறைந்தபின், 1926-இல் ‘தமிழன்’ இதழ் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது, ஜி. அப்பாதுரையார் அதன் ஆசிரியர். குற்றவாளிகளிடம் எடுப்பதுபோல் தங்கள் விரல்ரேகையைப் பதிய முற்பட்டபோது, 1930-இல் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் காக்க முனைந்தது கூலியை மட்டுமன்று, மானத்தையும்தான். தன்னுள் உறையும் ஆன்மாவின் பெருமையை உணர்ந்தவன் தலைகுனிய மறுப்பது, அவன் அறிந்தோ அறியாமலோ செய்யும் வேதாந்தம்.

இவ்விரு நாடுகளின் வேதனையும் ஒன்றே என்பதை மார்ட்டின் லூதர் கிங் உணர்ந்தது இந்திய மண்ணில். 1959-இல் இங்கு வந்த அவரைத் திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றில், அமெரிக்காவிலிருந்து வந்துள்ள மற்றொரு தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் மாணவர்களுக்கு அறிமுகம் செய்தார். முதலில் அவர் மனம் துணுக்குற்றது. பின்னர்த் தம் இனத்தாரின் நிலையை எண்ணி, ஆம், நான் அத்தகையவனே என்று ஏற்றுக்கொண்டார். 1964, 1965 ஆகிய ஆண்டுகளில் சமஉரிமைச் சட்டங்கள் நிறைவேறின. அத்துடன் அவர் ஓய்ந்திருக்கலாம். 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க் தேவாலயம் ஒன்றில் வியட்நாம் போரை வெளிப்படையாகக் கண்டித்தார். ஆட்சியாளர் சினந்தனர், நண்பர்களிலும் பலர் விலகினர். தம் மக்களுக்காக அழுத கண், எதிரி என்று சொல்லப்பட்ட நாட்டின் குழந்தைகளுக்காகவும் அழுதது. சரியாக ஓராண்டு கழித்து, 1968 ஏப்ரல் 4 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டன. பொன் எடுத்துக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் பலர், விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அந்நகரில் வாடகை வீடு தேடும்போது எந்தச் சாதி என்னும் கேள்வி எழுமானால், காவிரிக் கரையில் எறிந்த கல் இன்னும் தரையில் விழவில்லை என்றே பொருள்.

வேதாந்தம் கற்போருக்கு இது சோதனை. அனைத்திலும் ஒரே ஆன்மா என்று தியானத்தில் எண்ணுவது எளிது. இல்லப் பணியாளருக்குத் தரும் குவளை எது, அவர் அமரும் இடம் எது, சாக்கடைக் குழியில் இறங்கி ஒருவர் மாண்டார் என்னும் செய்தியைப் படித்தபின் உண்ட சோறு எவ்வாறு இறங்கியது என்று ஒருவர் தம்மையே கேட்டுக்கொள்வது கடினம். அக்கேள்வியிலிருந்துதான் சாதனை தொடங்குகிறது.

லோகசாரங்கர் கல்லெறிந்தவராகவே நின்றிருந்தால் அவர் பெயரை எவரும் நினைவில் கொள்ளார். பாணரைச் சுமந்ததனால் அவரும் வணக்கத்திற்குரியவரானார். தோள் கொடுத்தவருக்கும் அன்று சந்நிதி திறந்தது. அரங்கனை அடையும் வழி இன்றும் அதுவே.