வீடு விற்பவரின் அமானிதம்



வீடு விற்பது நம்மில் பலருக்கு ஆயுளில் ஒருமுறை நேரும் வியாபாரம். மகளின் நிக்காஹ், வாப்பா விட்டுச் சென்ற கடன், பாகப்பிரிவினை என ஏதோ ஒரு நிர்ப்பந்தம் வந்துவிடுகிறது. கடையில் எடை குறைப்பது ஹராம் என்று அஞ்சி நடப்பவர்கூட, வீட்டுக் கிரயத்தில் குறையை மறைப்பதைச் சாமர்த்தியம் என்று எண்ணிவிடுகிறார்.

மாதவரத்தையே எடுத்துக்கொள்வோம். 2015 டிசம்பர் பெருமழையிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அவ்வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. புழல் ஏரியின் உபரிநீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாகத்தான் எண்ணூரை நோக்கிப் போகிறது. 2023-ல் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து சுவர்களில் கறையாகப் படிந்தது. தண்ணீர் வடிந்த பின்னும் சுவரில் அதன் கோடு நின்றுவிடும். வீட்டை விற்க நினைப்பவர் முதலில் செய்வது என்ன? வெள்ளையடிப்பதுதான்.

வெள்ளையடிப்பது குற்றமா? இல்லை. ஒட்டடை அடிப்பதும், ஒழுகும் குழாயைச் சரிசெய்வதும், கதவுக்கு வர்ணம் பூசுவதும் நல்ல காரியங்களே. ஆனால் அந்தக் கோட்டை மறைப்பதற்காகவே பூசிவிட்டு, "இங்கே தண்ணீரே வந்ததில்லை" என்று சொன்னால்?

மதீனத்துக் கடைவீதியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள். முஸ்லிம் ஷரீபில் வரும் இச்சம்பவத்தைச் சற்றுச் சிந்தியுங்கள். மழை பெய்தது அவ்வியாபாரியின் பிழையன்று. நனைந்ததை அடியில் வைத்ததுதான் பிழை. வெள்ளம் வந்ததும் உங்கள் பிழையன்று.

ஆகவே எந்த ஆண்டு, எத்தனை அடி, எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்பதை வாங்குபவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். கிணற்று நீர் உவர்ப்பா, மாடியில் விரிசலா, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். குறிப்பாக, வாரிசுதாரர்களான சகோதரிகளின் சம்மதமும் கையெழுத்தும் உண்டா? (சகோதரிகளின் பங்கை விழுங்கிவிட்டுக் கிரயம் பேசுவோர் இன்னும் இருக்கிறார்கள் என்பது வெட்கக்கேடு.) மறைத்து விற்றால், குறை தெரிந்தவுடன் வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஷரீஅத் வாங்கியவருக்கு வழங்குகிறது. நம் நாட்டின் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவும், சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத பெருங்குறையை விற்பவரே சொல்ல வேண்டும் என்கிறது.

இனி விலை. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் இரண்டு வழித்தடங்கள் மாதவரத்திலிருந்து தொடங்குமாறு வகுக்கப்பட்டிருப்பதால், மனைவிலையைப் பற்றிய பேச்சும் அங்கே சூடாகவே இருக்கிறது. நல்ல விலை கேட்பது தவறன்று. மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது விலையைக் கட்டுப்படுத்தித் தரும்படி மக்கள் வேண்டியும், நபியவர்கள் அவ்வாறு நிர்ணயிக்க இசையவில்லை. ஆனால் வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவரை விட்டு விலையை ஏற்றிக் கேட்கச் செய்வதை அவர்கள் தடுத்தார்கள். இதற்கு 'நஜ்ஷு' என்று பெயர். "நேற்றுதான் ஒருவர் ஐந்து லட்சம் கூடுதலாகக் கேட்டுப் போனார்" என்று தரகர் கூசாமல் சொல்வதும், வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று தலையாட்டுவதும் இதன் இனமே.

தரகரிடம் போகுமுன் அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா? முதலில் வாங்கும் உரிமை கூட்டுப் பங்காளிக்கு மட்டுமே என்பது ஷாஃபியீ மத்ஹபு. அண்டை வீட்டாருக்கும் உண்டு என்பது ஹனஃபீ மத்ஹபு. சட்டம் எப்படியாயினும் ஸஹாபாக்களின் நடைமுறையைப் பாருங்கள். ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் வளவுக்குள் அபூராஃபிஉ (ரலி) அவர்களுக்கு இரண்டு இல்லங்கள் இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளும்படி ஸஃது (ரலி) அவர்களிடம் வந்து கேட்டார்கள். அவர்களோ முதலில் மறுத்து, பின்பு 4000 திர்ஹமுக்கு மேல் தர இயலாது, அதுவும் தவணையில்தான் என்றார்கள். வேறிடத்தில் 500 தீனார் ரொக்கமாகவே கேட்டிருந்தார்கள். அது இதைவிட அதிகம். எனினும் அருகிலிருப்பவருக்கே உரிமை அதிகம் என்று நபியவர்கள் சொல்லக் கேட்டிருந்ததால், அபூராஃபிஉ (ரலி) அவர்கள் அந்த 4000 திர்ஹம் தவணைக்கே ஸஃது (ரலி) அவர்களிடம் கொடுத்துவிட்டார்கள்.