ஒரே மனம் கொண்ட வீடு

பெரியதாழையில் கடலுக்கு முதுகைக் காட்டி உள்ளே போனால் செம்மணல் தேரியும் பனையும். மரமேறிப் பதநீர் இறக்குபவர் ஆண். அதைக் காய்ச்சி, பாகுப் பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்குவது பெரும்பாலும் பெண். அடுப்புக்கு மட்டையும் சருகும் பொறுக்கி வருவதும் அவள்தான். பாகு திரளும் நேரத்தில் எழ முடியாது, பிள்ளை அழுதாலும்.

இந்த வீட்டைப் பொருளியல் மாதிரி எப்படிப் பார்க்கும்? சிங், ஸ்குவயர், ஸ்ட்ராஸ் மூவரும் 1986இல் தொகுத்த வேளாண் குடும்ப மாதிரிகள் பற்றிய நூல் இத்துறைக்கு வழிகாட்டி. அதில் குடும்பம் என்பது ஒற்றை ஆள்: ஒரே வருமானம், ஒரே விருப்பம். விலை ஏறினால் உற்பத்தியும் வீட்டு நுகர்வும் எப்படி மாறும் என்று கணிக்க இது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் கருப்பட்டி விலை ஏறினால் கூடுதல் புகையைத் தின்பது யார், கூடுதல் காசு யார் கைக்குப் போகிறது என்று அதனிடம் கேட்கவே வழியில்லை.

எல்லா மாதிரியும் எதையாவது விடத்தான் செய்யும் என்பார்கள். சரிதான், வரைபடத்தில் ஒவ்வொரு பனையையும் போட முடியாது. ஆனால் விடுபடுவது எப்போதும் ஒரே ஆளாக இருப்பது எப்படி? புர்கினா பாசோவில் ஒரே வீட்டார் ஒரே ஆண்டில் ஒரே பயிர் வைத்த நிலங்களை கிறிஸ்டோபர் உட்ரி ஒப்பிட்டு 1996இல் எழுதினார். பெண்களின் நிலத்தில் விளைச்சல் ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. எருவும் ஆளும் ஆண்களின் நிலத்துக்கே அதிகம் போயிருந்தன. ஒரே மனம் கொண்ட வீடு தனக்கே இப்படி நட்டம் செய்துகொள்ளுமா? நியாயத்தை விடுங்கள், கணக்கே தப்பு.

அப்படியானால் பெண்ணின் உழைப்பையும் எண்ணி விலை போட்டுவிட்டால் போதுமா? இங்கேதான் எனக்குத் தயக்கம். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி ஊதியமில்லா வீட்டு வேலை செய்த பெண்கள் அதில் நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். அந்த 299க்கு எந்தக் கூலியைப் போடுவது? ஊரில் நடப்பிலுள்ள பெண்கூலியைப் போட்டால், ஏற்கெனவே மலிவாக்கப்பட்ட உழைப்பு மலிவுதான் என்று சமன்பாடே சான்று கொடுத்துவிடும். மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கியது. அதை உதவி என்னாமல் உரிமை என்றது சின்ன விஷயமில்லை. ஆனால் அடுப்பின் முன் உட்காரும் நேரத்தைக் குறைக்க வந்த பணமில்லை அது.

நான் கேட்பது விலையை அல்ல, நேரத்தை. கருப்பட்டி உற்பத்தியைப் பெருக்க ஒரு திட்டம் வந்தால், அது யாருடைய நாளில் எத்தனை நிமிடம் கூட்டும் என்ற வரி அந்தக் கணக்கில் இருக்கவேண்டும். அந்த வரியை நிரப்ப, காய்ச்சுகிறவளிடம் போய்த்தான் கேட்கவேண்டியிருக்கும், அதுவும் பாகு இறக்கிய பிறகு.