வட்டத்துக்குள் ஒரு பொய்

ஏமாற்றுவது எப்போதாவது அறமாகுமா? இந்தப் பழைய கேள்வியை எனக்குள் மீண்டும் எழுப்பியது பிரேசிலின் கபோய்ரா. மனிதர்கள் வட்டமாக நிற்கிறார்கள். ஒற்றைக் கம்பியும் சுரைக்குடுக்கையும் கட்டிய வில்லான பெரிம்பாவ் ஒலிக்கிறது. நடுவில் இருவர் இடமும் வலமுமாக ஓயாமல் அசைகிறார்கள். நடனம் என்று நாம் நம்பும் கணத்தில் ஒரு கால் எதிராளியின் காதோரம் சீறிப் போகிறது.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களும் அவர்கள் வழிவந்தோரும் வளர்த்த கலை இது. சண்டையை நடனமாக்கி எசமானர்களின் கண்ணை மறைத்தார்கள் என்பது வாய்மொழியாக வழங்கும் கதை. 1888இல் பிரேசில் அடிமைமுறையை ஒழித்தது. இரண்டே ஆண்டுகளில், 1890ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டம் தெருவில் கபோய்ரா ஆடுவோருக்கு இரண்டு முதல் ஆறு மாதச் சிறை என்றது. விடுதலை பெற்ற உடலைக் கண்டு அரசுக்கு அவ்வளவு அச்சம். பிறகு சால்வடோர் நகரில் 1932இல் மெஸ்த்ரே பிம்பா பயிற்சிக்கூடம் திறந்தார். 1941இல் மெஸ்த்ரே பஸ்தீன்யா அங்கோலா மரபுக்கென ஒரு மையம் நிறுவினார். 2014இல் யுனெஸ்கோ அந்த வட்டத்தை மானுடத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது.

இந்தக் கலையின் உயிரை 'மலீஸ்யா' என்கிறார்கள்: ஒன்றைக் காட்டி இன்னொன்றைச் செய்யும் சாதுரியம். பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருமணமான புதிதில் மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் கவிதை எழுதினேன். யாராவது வந்தால் முன்பக்கம் புரட்டிப் பருப்பு விலையைக் கூட்டுவேன். அது பொய்தான். ஆனால் கேட்க உரிமை இல்லாதவரிடம் உண்மை சொல்லும் கடமை எனக்கு இல்லை. பொய்க்கும் ஓரிடம் ஒதுக்கிய வள்ளுவர் அதன் விளைவை அளவுகோலாக்கினார். நான் அதிகாரத்தையும் சேர்த்துக்கொள்வேன்: யார், யாரிடம் மறைக்கிறார்?

இதே அளவுகோல் கபோய்ராவையும் கேள்வி கேட்கும். அந்த வட்டம் நெடுங்காலம் ஆண்களுடையது. பெண்ணை இழிக்கும் பாடல்களும் அதில் உண்டு. ஒடுக்கப்பட்டவனின் தந்திரம் தனக்கும் கீழே நிறுத்தப்பட்டவள்மீது திரும்பினால் அது வெறும் வஞ்சகம். மெஸ்த்ரா ஜான்ஜா போன்ற பெண் ஆசான்கள் இதை வெளிப்படையாகப் பேசினார்கள். அவர் தொடங்கிய குழுவின் பெயர் என்ஸிங்கா. 17ஆம் நூற்றாண்டில் இன்றைய அங்கோலாவில் போர்த்துக்கீசியரை எதிர்த்து நின்ற அரசியின் பெயர் அது.

மறைப்பதற்கு ஒரு விலையும் உண்டு. பதினோரு ஆண்டுகள் கழித்து என் முதல் தொகுப்பு வந்தபோது மகள் கேட்டாள்: "இதையெல்லாம் எப்பம்மா எழுதுன?" பருப்பு விலை கூட்டும் அம்மாவை மட்டுமே அவள் பார்த்திருந்தாள். யாருக்கு எதிராகவோ எடுத்த தற்காப்பை அவளிடமும் பிடித்திருக்கிறேன்.

கபோய்ராவில் ஆட்டம் தொடங்குமுன் இருவரும் பெரிம்பாவின் காலடியில் குந்திக் கைகொடுத்துக்கொள்கிறார்கள். இனி நடப்பது பாசாங்கு என்று இருவருக்கும் தெரியும். அதைக் கொண்டே ஒருவருக்கொருவர் கற்பிக்கிறார்கள். வெளியே மறைத்ததை உள்ளே கற்றுக்கொடுத்ததால்தான் அந்தக் கலை பிழைத்தது. அதிகாரத்திடம் மறைக்கலாம். மகளிடமும் மறைத்தால் அவள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அந்த நோட்டை இப்போது அவளிடம் கொடுத்திருக்கிறேன். பருப்பு விலையையும் சேர்த்தே படிக்கச் சொல்லியிருக்கிறேன்.