அளவியை அளப்பது எது?

கதிர்வீச்சு அளவி ஒன்று பிழையாகக் காட்டுகிறது என்று சொல்வதற்கே, சரியாகக் காட்டும் இன்னொரு அளவி வேண்டும். அது சரியானது என்பதற்கு மூன்றாவது ஒன்று வேண்டும். இந்தத் தொடர் எங்கே போய் நிற்கிறது என்ற கேள்வி, ஆய்வுகூடங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்திய மெய்யியலில் எழுந்துவிட்டது. பொருள்கள் உண்டு என்பதை, அறியும் வழிகளாகிய அளவைகள் நிறுவுகின்றன. அளவைகளை நிறுவுவது எது?

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் இது ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வியல்ல. ஃபுகுஷிமா விபத்து நடந்தது 2011இல். கூடங்குளத்தின் முதல் அணுஉலை இயங்கத் தொடங்கியது 2013இல். அதையொட்டிய காலத்தில் இலங்கைக் கரையோரக் கடற்படைத் தளங்களில் காமாக் கதிர்வீச்சைத் தொடர்ந்து பதியும் முன்னெச்சரிக்கை நிலையங்கள் அமைக்கப்பட்டன. திருகோணமலையும் அவற்றுள் ஒன்று. இங்கே கருவியின் அளவு ஏறினால் உடனே அபாயம் என்றும் சொல்ல முடியாது, கருவி பழுது என்றும் சொல்ல முடியாது. வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது காற்றிலுள்ள ரேடனின் சிதைவுப் பொருள்கள் மழையோடு தரைக்கு வந்து அளவை உயர்த்தும். மழை விட்டுச் சில மணி நேரத்தில் அது தானாக இறங்கும். மாவட்டத்தின் வடக்கே புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் ஆகியவற்றோடு தோரியம் கொண்ட மொனசைட்டும் கிடக்கிறது. கையளவியோடு அங்கே போகிறவருக்கு, நகரத்தில் கண்டதைவிடக் கூடிய அளவு கிடைத்தால் அது பெரும்பாலும் மணலின் உண்மை. அளவியின் பொய் அல்ல.

இதைப் பிரித்தறியத்தான் அளவுத்திருத்தம், தொழிலில் உள்ளவர் வாயில் கலிபரேசன். நாட்டில் இதற்குரிய ஆய்வுகூடம் கொழும்பை அடுத்த ஒருகொடவத்தையில், இலங்கை அணுசக்தி சபையிடம் உள்ளது. இத்தகைய ஆய்வுகூடத்தின் அமைப்பு எளியது. ஈயக் கவசத்துக்குள் சீசியம்-137. அதன் முன்னே திறந்து மூடும் ஷட்டர். கதிர்க்கற்றையின் வழியில் ஒரு தண்டவாளம். அதன்மேல் நகரும் அயனாக்க அறை. அதிலிருந்து கேபிள் வழியே எலக்ட்ரோமீட்டர். பழுது இந்த வரிசையில் எங்கும் ஒளிந்திருக்கலாம்.

தேடலைக் கதிர்வீச்சே இல்லாத நிலையில் தொடங்குவது வழக்கம். ஷட்டரை மூடிவிட்டு எலக்ட்ரோமீட்டரைப் பார்த்தால், அது ஏறக்குறைய எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் கசிவு மின்னோட்டம். ஒரு லீற்றர் கொள்ளளவுள்ள அறையில், மணிக்கு 1 மில்லிகிரே என்ற அளவில் கதிர் பட்டால் கிடைக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 10 பிக்கோ அம்பியர்தான். பத்தில் ஒரு பிக்கோ அம்பியர் கசிந்தாலே ஒரு சதவீதப் பிழை வந்துவிடும். கடற்காற்றின் ஈரமும் உப்பும், கேபிள் முனையிலுள்ள காவலியை யாரோ தொட்டதால் படிந்த விரல் பிசுக்கும் இதற்குப் போதும். ஆல்கஹாலில் நனைத்த துணியால் முனையைத் துடைத்து, சிலிக்கா ஜெல்லோடு மூடி உலரவிட்டால் பல வேளைகளில் பழுது அங்கேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் மாற்றிப் பார்த்தல். அதே கேபிளில் வேறு அறை, அதே அறைக்கு வேறு எலக்ட்ரோமீட்டர். பழுது எதைப் பின்தொடர்ந்து போகிறதோ அதுவே குற்றவாளி. அறைக்குக் கொடுக்கும் வோல்ற்றளவைப் பாதியாக்கிப் பார்க்கலாம். நல்ல நிலையிலுள்ள அறையில் மின்னோட்டம் அநேகமாக மாறாது. தூரத்தை ஒரு மீற்றரிலிருந்து இரண்டாக்கினால் அளவு ஏறத்தாழ நாலில் ஒன்றாக வேண்டும். இல்லையென்றால் தண்டவாளத்தின் பூச்சியம் நகர்ந்திருக்கிறது, அல்லது சுவரிலிருந்து சிதறல் வருகிறது. இந்தச் சோதனைக்கு வெளிச்சான்று எதுவும் தேவையில்லை என்பது கவனிக்கத்தக்கது. கருவி தன்னோடு தான் முரண்படுகிறதா என்று மட்டுமே இது கேட்கிறது.

அப்படித் தன்னோடு முரண்படாத பழுதுகளும் உண்டு. சீசியம்-137இன் அரைவாழ்வுக் காலம் சுமார் 30 ஆண்டு; அதன் வலு ஆண்டுக்கு 2.3 சதவீதம் குறையும். கணக்கில் பழைய திகதியை மாற்ற மறந்தால் ஐந்தாண்டில் ஏறத்தாழ 11 சதவீதப் பிழை சேரும், ஒரு முள்ளும் நடுங்காமல். காற்றுக்குத் திறந்த அறையில் வெப்பநிலை 20 பாகையிலிருந்து 30 ஆனால் உள்ளிருக்கும் காற்றின் நிறை சுமார் 3 சதவீதம் குறையும். வெப்பமானி குளிரூட்டியின் வாயில் மாட்டப்பட்டிருந்தால் அந்தக் குறை திருத்தப்படாமலே போகும். எல்லா எண்களும் ஒழுங்காக, ஒன்றோடொன்று பொருந்தி, சேர்ந்தே தவறாக இருக்கும்.

அளவை நூல்கள் இந்த இரண்டு வகையையும் ஐயம், திரிபு என்று முன்பே பிரித்துவைத்தன. மங்கலில் தெரிவது கட்டையா ஆளா என்பது ஐயம். சிப்பியை வெள்ளி என்று உறுதியாகக் காண்பது திரிபு. ஆடும் முள் ஐயம். அது தன் பழுதைத் தானே அறிவிக்கிறது. திரிபுக்கு அந்த நாணயம் இல்லை. கோஸ்டாரிகாவின் சான் ஹோசே நகரில் 1996இல் புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவிக்குப் புதிய கோபால்ற் மூலம் பொருத்தி அளவுத்திருத்தம் செய்தபோது, 0.3 நிமிடம் 30 விநாடியாகக் கொள்ளப்பட்டது. உண்மையில் அது 18 விநாடி. கருவியில் ஒரு குறையும் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளர் சுமார் 50 முதல் 60 சதவீதம் கூடுதலாகக் கதிர்வீச்சு பெற்றனர்.

அளவையை நிறுவுவது எது என்ற கேள்வியைக் கூர்மையாக எழுப்பியவர் பௌத்த மெய்யியலாளர் நாகார்ச்சுனர். வேறு அளவையால் என்றால் முடிவே இல்லை. தானாகவே என்றால் மற்றப் பொருள்களும் ஏன் தானாக நிறுவப்படக்கூடாது என்று அவர் ‘விக்ரகவியாவர்த்தனி’யில் மடக்குகிறார். அவர் சார்ந்த மகாயானம் இந்த மாவட்டத்துக்கும் புதிதல்ல. புல்மோட்டைக்குப் போகும் வழியிலுள்ள திரியாயில், பல்லவ கிரந்த எழுத்தில் அமைந்த சமஸ்கிருதக் கல்வெட்டு அதைச் சொல்லும். நியாய சூத்திரம் தரும் விடை ஒரு தராசு. பொன்னை நிறுக்கும்போது தராசு அளவை. நிறை தெரிந்த பொன்னை வைத்துத் தராசைச் சோதிக்கும்போது அதே தராசு அளக்கப்படும் பொருள். இரண்டும் அதன் நிலையான இயல்பு அல்ல, அந்தந்த நேரத்து வேலை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சந்தேகிக்கத் தேவையில்லை என்பது இதன் உட்பொருள். மீமாம்சகர் இதை ஏற்கவில்லை. அறிவு பிறக்கும்போதே செல்லுபடியாகிறது, குறை தெரியவந்தால் மட்டுமே விலக்கப்படுகிறது என்றார்கள். வேதத்தை வெளிச்சான்று கேட்காமல் நிலைநிறுத்துவதே அவர்களது நோக்கம். நிலையத்தில் இரவுக் கடமை பார்ப்பவர் திரையில் வரும் எண்ணை நம்பி இருக்கும்வரை மீமாம்சகர். கருவியைக் கழற்றி மேசையில் வைத்த கணத்தில் நையாயிகர்.

உண்மையான தொடர் எப்படி முடிகிறது என்று பார்த்தால் தராசு உவமைக்கே பலம் கூடுகிறது. இரண்டாம்தர நியம ஆய்வுகூடங்களின் வலையமைப்பைச் சர்வதேச அணுசக்தி முகவரகமும் உலக சுகாதார நிறுவனமும் 1976இல் அமைத்தன. அவற்றின் நியமங்கள் ஒஸ்திரியாவின் சைபர்ஸ்டோர்ஃப் ஆய்வுகூடம் வழியாகவோ நேரடியாகவோ முதல்தர ஆய்வுகூடங்களையும், பாரிசுக்கு அருகிலுள்ள சர்வதேச எடை அளவைச் செயலகத்தையும் சென்றடைகின்றன. அங்கே மேலே இன்னொரு கருவி இல்லை. கிராஃபைற்றால் செய்த அறையின் கொள்ளளவை நேரடியாக அளந்து, பௌதிக மாறிலிகளைக் கொண்டு கணிக்கிறார்கள். பிறகு நாடுகள் தங்கள் முடிவுகளைத் தமக்குள் ஒப்பிடுகின்றன. ஏணியின் உச்சியில் சிங்காசனம் இல்லை, வட்டமேசைதான் இருக்கிறது.

ஆனால் திருகோணமலையில் கருவியைத் திருத்துபவர் அந்த மேசையைப் பார்த்ததில்லை. அவர் கையில் இருப்பது ஒரு சான்றிதழ். கசிவை அவர் கண்டது காட்சி. எந்தப் பகுதி பழுது என்று துணிந்தது கருதல். சான்றிதழை ஏற்பது உரை. அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் ‘சிவஞான சித்தியார்’ தொடக்கத்தில், பிறர் விரித்த அளவைகளையெல்லாம் அடக்கிய மூன்றும் இவையே. ஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயில் நிற்கும் ஊரில் இந்த நூல் அந்நியமானதல்ல.

சைவ சித்தாந்தம் இங்கே நின்றுவிடவில்லை. காட்சியும் கருதலும் உரையும் துணைகளே. உண்மையில் அளவையாவது ஆன்மாவின் அறிவாற்றல், சிற்சத்தி என்கிறது. எலக்ட்ரோமீட்டரின் எண் ஒருவர் அறியும்வரை அறிவாகாது. அப்படியானால் சோதிக்கப்பட வேண்டியது அறிபவனும்தான். அவனிடமுள்ள பழுது ஆணவம். இருள் பொருள்களை மறைத்தாலும் தன்னையாவது காட்டும், ஆணவம் தன்னையும் காட்டாது என்பது ‘திருவருட்பய’னில் உமாபதி சிவாசாரியார் தரும் விளக்கம். பழைய திகதியோடு ஒழுங்காக இயங்கும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான விவரணை கிடைப்பது அரிது. சான் ஹோசேயில் பிழை இருந்த இடமும் கருவியல்ல, படித்தவரின் ஐயமற்ற உறுதி.

ஒப்புமை இதற்குமேல் செல்லாது. அறையைக் கழற்றி வேறு அறை பொருத்தலாம். அறிபவனைக் கழற்றி வேறொருவனைப் பொருத்திப் பார்க்க முடியாது. ஆய்வுகூடம் இதற்குச் செய்வது, அதே அளவீட்டை இன்னொருவரைக் கொண்டு தனியாகச் செய்வித்து ஒப்பிடுவது. இதுவும் வட்டமேசையின் வழிதான். சித்தாந்தத்துக்கு அது போதாது, ஏனெனில் மேசையைச் சுற்றி இருக்கும் எல்லோருக்கும் ஒரே ஆணவ மலம். காட்டப்படாமலே அறிபவன் ஒருவன் உயிருக்குக் காட்டியும் உடனின்று கண்டும் உதவினால்தான் உயிர் அறியும் என்று அது கொள்கிறது. அந்த ஒருவனை ஒப்பிட நிகர் இல்லை. முதல்தர நியமத்துக்கு நிகர்கள் இருந்தே ஆக வேண்டும். நிகரற்ற நியமத்தை எந்த ஆய்வுகூடமும் ஏற்காது. பழுது திருத்தி முடிந்த கருவியும் இந்த ஒப்பீட்டுக்குத் தப்பாது: அதன் பழைய திருத்தக் காரணி செல்லாது. கருவி மீண்டும் அளவுத்திருத்தத்துக்குப் போய், புதிய எண்ணோடும் அந்த எண்ணின் ஐயப்பாட்டு எல்லையோடும் திரும்பி வரும்.