கேட்காதவருக்கு ஒரு பிரதி

யாரும் கேட்காத ஒரு புத்தகம் இருக்கிறதா, இல்லையா? முன்பெல்லாம் இது ஒரு கேள்வியே இல்லை. அச்சடித்தால் இருக்கும், அடிக்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான். தேவைக்கேற்ப அச்சடிக்கும் முறை வந்தபிறகு அப்படிச் சட்டென்று சொல்ல முடியவில்லை. புத்தகம் ஒரு கோப்பாக எங்கோ ஒரு சர்வரில் கிடக்கிறது. ஒருவர் காசு கட்டியதும் ஒரு பிரதி அச்சாகி, அட்டை ஒட்டி, அஞ்சலில் போகிறது. யாரும் காசு கட்டாவிட்டாலும் அதற்கு விலை உண்டு, அட்டைப்படம் உண்டு, ஐஎஸ்பிஎன் உண்டு. தாள்தான் இல்லை.

என் மாமா ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். தோட்டத்து வாழ்க்கையை வைத்துப் பதினான்கு சிறுகதைகள் எழுதி வைத்திருக்கிறார். "நீதான் இன்ஜினியராச்சே, எதுல போடலாம்னு பார்த்துச் சொல்லு" என்று பொறுப்பை என்னிடம் விட்டார்.

கணக்கு சுலபம். ஆஃப்செட்டில் முதல் பிரதி வெளியே வருவதற்கு முன்பே பிளேட், மெஷினைத் தயார் செய்வது என்று ஒரு தொகை போய்விடும். ஆயிரம் அடித்தால் பிரதியின் அடக்கவிலை இறங்கும். இருபது அடித்தால் கட்டுப்படியாகாது. டிஜிட்டல் அச்சில் பிளேட் கிடையாது. ஒன்று அடித்தாலும் இருபது அடித்தாலும் பிரதிக்கு ஏறக்குறைய ஒரே செலவு. அந்தச் செலவு கொஞ்சம் அதிகம், ஆனால் கையைக் கடிக்காது.

மாமாவின் முதல் தொகுப்பு ஆஃப்செட்டில் அடித்தது. ஆயிரம் பிரதி, சொந்தப் பணம். மிஞ்சிய பெட்டிகள் இன்னமும் ஸ்டோர் ரூமில் இருக்கின்றன. அதன்மேல்தான் அத்தை அரிசி மூட்டையை வைக்கிறார். அதனால் பெட்டியே வராத முறை ஒன்று இருக்கிறது என்றதும் அத்தைக்கு நிம்மதி. மாமா மட்டும் கேட்டார்: "யாருமே கேக்கலன்னா?" கேட்காவிட்டால் அச்சாகாது, நட்டமும் இல்லை என்றேன். "அப்ப புக்கு எங்கடா இருக்கு?"

எங்கள் படிப்பில் இதற்குத் தயாரான பதில் உண்டு. டொயோட்டாவின் உற்பத்தி முறையில் தேங்கிக் கிடக்கும் சரக்கு ஏழு விரயங்களில் ஒன்று. தேவைப்படும்போது, தேவைப்படும் அளவுக்கு மட்டும் செய்ய வேண்டும். கார் உதிரிபாகத்துக்கு இது சரி. எந்த வண்டிக்கு எந்தப் பாகம் வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். புத்தகத்தில் அப்படியில்லை. ஒரு கதை தனக்குத் தேவையாக இருந்தது என்பதே படித்து முடித்தபிறகுதான் பலருக்குத் தெரிகிறது. தெரியாததை எப்படி ஆர்டர் செய்வது?

நான் இலக்கியம் பக்கம் வந்ததே பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்க அறையில் யாரோ விட்டுப்போன ஒரு சிறுகதைத் தொகுப்பால்தான். அட்டையும் முதல் சில பக்கங்களும் கிழிந்துபோயிருந்தன. ஆசிரியர் பெயர்கூடத் தெரியாது. பெயர் தெரியாத புத்தகத்தை எந்த இணையதளத்தில் தேடியிருப்பேன்? எப்போதோ யாரோ தேவைக்கு மேல் அடித்த ஒரு பிரதி அது.

யோசித்துப் பார்த்தால் இந்த முறை புதிதும் அல்ல. ஓலைச்சுவடிக் காலத்திலும் கேட்டால்தான் பிரதி. ஒருவர் வேண்டுமென்றால் இன்னொருவர் உட்கார்ந்து ஏடு எழுத வேண்டும். கேட்பதற்கு ஆள் இல்லாத நூலைக் கரையான் தின்றது. உரையாசிரியர்கள் சொல்லும் பெயர்களாக மட்டும் மிஞ்சிய தமிழ் நூல்கள் எத்தனை! 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் வாங்கிப் பணம் திரட்டினார். அதையும் முன்பதிவு என்று சொல்லலாம். ஆனால் அந்தத் தேவை தானாக வந்து கதவைத் தட்டவில்லை. ஒருவர் வீடுவீடாகப் போய் அதை உண்டாக்கினார்.

அப்படியென்றால் ஆயிரம் பிரதி அடித்துப் பெட்டிபெட்டியாக அடுக்குவதுதான் அறமா? அதுவும் இல்லை. நம் ஊர் வெளியீட்டு விழாக்களை நாம் அறிவோம். பிரமுகர் மேடையேறி உறையில் பணம் வைத்து முதல் நூலைப் பெறுகிறார். உறவுக்காரர்கள் மொய் வைப்பதுபோல ஆளுக்கொன்று வாங்குகிறார்கள். அங்கே விற்பது மரியாதை. பல பிரதிகள் நம் ஸ்டோர் ரூமிலிருந்து அவர்கள் ஸ்டோர் ரூமுக்குப் போவதோடு சரி. கேட்டவருக்கு மட்டும் பிரதி என்பது இதைவிட நேர்மையானது. மரமும் மிச்சம், மானமும் மிச்சம்.

ஆக, எத்தனை பிரதி தேங்குகிறது என்பது இரண்டாம் பட்சம். பிரதி எங்கே கிடக்கிறது என்பதே முக்கியம். பூட்டிய அறையில் கிடந்தால் விரயம். முன்பின் தெரியாத ஒருவர் கை நீட்டினால் எட்டும் இடத்தில் கிடந்தால் அது அழைப்பு. தேவைக்கேற்ப அச்சு எழுத்தாளரின் நட்டத்தைத் துடைத்துவிடுகிறது. கூடவே கேட்கத் தெரியாத அந்த வாசகரையும் துடைத்துவிடுகிறது. முதலாவதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறவருக்கு இரண்டாவதில் ஒரு கடன் இருக்கிறது.

கடைசியில் நாங்கள் செய்தது இது. அமேசானின் கேடிபியில் தமிழ் மின்னூல் போடலாம். அச்சுநூலுக்கான மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. சென்னையின் நோஷன் பிரஸ் போன்ற இடங்களில் தமிழில் அச்சிடலாம். ஆனால் ஒற்றைப் பிரதி கடல் தாண்டி வரும் அஞ்சல் செலவு புத்தக விலையை எட்டிவிடும். அதனால் வெளிநாட்டு வாசகருக்கு ஒரு மின்னூல், இங்குள்ளவர்களுக்கு உள்ளூர் டிஜிட்டல் அச்சகம். ஐஎஸ்பிஎன்னை மாமாவின் பெயரிலேயே தேசிய நூலகத்தில் வாங்கினோம். அப்போதுதான் பதிப்பாளர் அவர்.

1986ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசியாவில் வெளியாகும் அச்சுநூலில் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்திடம் ஒப்படைக்க வேண்டும். பலர் இதைச் சம்பிரதாயமாகத்தான் நினைக்கிறார்கள். எனக்கு இப்போது அது வேறு மாதிரித் தெரிகிறது. இன்னும் பிறக்காத வாசகருக்காக அரசாங்கமே கேட்டு வாங்கும் பிரதிகள் அவை. நாங்கள் அதோடு முப்பது சேர்த்தோம். அவை தமிழ்ப்பள்ளி நூலகங்களுக்கும், ஒரு பல் கிளினிக்கின் காத்திருப்பு மேசைக்கும், அந்தப் பழைய சங்க அறைக்கும் போகின்றன. அதில் எத்தனை பேர் படிப்பார்கள் என்று எந்த டேஷ்போர்டும் காட்டாது.

புத்தகம் போட நினைக்கும் நண்பர்கள் சேவைகளை ஒப்பிடும்போது ஒரு பிரதிக்கு எவ்வளவு, ராயல்டி எவ்வளவு, அனுப்ப எத்தனை நாள் என்று அட்டவணை போடுகிறார்கள். போட வேண்டியதுதான். அதில் இன்னொரு வரியையும் சேர்த்துவிடுங்கள்: கேட்காதவர்களுக்கு எத்தனை பிரதி? பத்து என்றாலும் போதும். ஆனால் அந்தக் காசை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.