கன்றின் கணக்கு

என் நண்பர் ஒருவர் பரம சைவம். முட்டை சேர்ந்த கேக்கைக்கூடத் தொட மாட்டார். சென்ற மாதம் வீட்டுக்கு வந்தவர், என் பேத்தி வைத்த சீஸ் துண்டைத் தட்டோடு ஒதுக்கிவிட்டார். "கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த சரக்கால் செய்தது, அம்மா" என்றார்.

அவர் சொன்னதில் பழைய உண்மை இருக்கிறது. பாலை மாதக்கணக்கில் கெடாமல் காக்க ஐரோப்பியர் கைக்கொண்ட உபாயம் சீஸ். நாம் பாலுக்கு உறை குத்துகிறோம். அவர்கள் ரென்னெட் சேர்த்தார்கள். பால்குடி மறவாத கன்றைக் கொன்று, அதன் நான்காவது இரைப்பையிலிருந்து எடுப்பது அது. அதிலுள்ள கைமோசின் என்னும் நொதிதான் பாலைத் திரட்டுகிறது.

ஆனால் காலம் மாறிவிட்டது. அந்த நொதியைச் செய்யும் கன்றின் மரபணுவைப் படியெடுத்து, ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் விஞ்ஞானிகள் புகுத்தினார்கள். பாக்டீரியா பெருகப் பெருக நொதியும் பெருகிற்று. 1990-ல் அமெரிக்க அரசு இதை உணவில் சேர்க்க அனுமதித்தது. இன்று அந்நாட்டுச் சீஸில் பெரும்பகுதி, இப்படி மாற்றிய நுண்ணுயிர்கள் தரும் நொதியால் திரள்வதே.

பேத்தி இதையெல்லாம் விளக்கினாள். நண்பர் விடவில்லை. "ஆதியில் கன்றினுடையதுதானே?"

ரிஷிமூலம், நதிமூலம் பார்க்கலாகாது என்பார்கள். மனிதனைப் பிறப்பை வைத்து எடை போடாதே என்று மேடையில் முழங்குகிறோம். ஒரு துளி நொதியை மட்டும் பிறப்பை வைத்து விலக்குவானேன்? இதற்காக ஓர் உயிர் போகிறதா என்பதல்லவா அகிம்சையின் கேள்வி? இப்படி வாதாடி, வென்றுவிட்டதாகவே எண்ணினேன்.

நண்பர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, கத்திக்குத் தப்பிய அந்தக் கன்று இப்போது எங்கே ஐயா இருக்கிறது?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. பசு கன்று ஈனாமல் பால் இல்லை. பிறந்தது காளைக்கன்றானால் பால் பண்ணைக்கு அது சுமை. பல நாடுகளில் அதன் வழி இறைச்சிக்கூடத்துக்குத்தான். நம் ஊரிலும் ஏருக்கும் வண்டிக்கும் மாடு தேடுவார் குறைந்துவிட்டார்கள். பாக்டீரியா சீஸிலிருந்து ஒரு கத்தியை அகற்றியது. அது சிறிய காரியமல்ல. ஆனால் பாலின் கணக்கு அதோடு தீரவில்லை. அந்தக் கணக்கில் நண்பரின் பெயரும் உண்டு, என் பெயரும் உண்டு. அதைத் தீர்க்கும் பொறுப்பைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியின் தலையில் கட்டிவிட முடியாது.

அதற்குள் காப்பி வந்தது. இருவரும் குடித்தோம்.